கொடிக்கு டெண்டர் எழுதுகிறவர்களுக்குத் திருப்பூரிலிருந்து ஒரு மடல்

ஆகஸ்ட் 15-க்குக் கொடி வாங்கி ஊருக்குக் கொடுக்கும் பொறுப்பில் இருக்கிற அதிகாரிகளுக்கு வணக்கம்.

உங்களில் யாரையும் எனக்கு நேரில் தெரியாது. எந்த மேஜையில் ஃபைல் தொடங்குகிறது, எந்த மேஜையில் கையெழுத்து விழுகிறது என்பதும் தெரியாது, அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவன், இருபத்திரண்டு வருஷமாக. தைத்து வரும் பீஸை மேஜையில் விரித்து, டேப் வைத்து அளந்து, தேறினது ஒரு பக்கம், தேறாதது ஒரு பக்கம் என்று பிரித்துப் போடுவதுதான் பிழைப்பு. கல்யாண வீட்டுக்குப் போனால் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் மேடைத் திரைச்சீலையின் ஓரத் தையல் கண்ணில் படும், அந்த அளவுக்கு முற்றிப்போன வியாதி. இந்த வியாதியோடுதான் போன ஆகஸ்டில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்த தேசியக் கொடியைக் கையில் வாங்கினேன்.

யார் கொடுத்தார்கள், எங்கே அச்சடித்தது என்று சொல்லப்போவதில்லை. யாரையும் மாட்டிவிட இதை எழுதவில்லை. பையன் கொடியைக் கம்பில் கோக்கப் போனான், "கொஞ்சம் இருடா" என்று வாங்கிச் சாப்பாட்டு மேஜையில் விரித்தேன். "அப்பா, இதையுமா?" என்றான். இதையும்தான்.

நீளம் இருபத்தெட்டரை அங்குலம், அகலம் இருபது. காவிப் பட்டை ஏழேகால், வெள்ளை ஆறு, பச்சை ஆறேமுக்கால். சக்கரம் நடுவில் இல்லை, கம்புப் பக்கமாக ஒரு அங்குலம் தள்ளி உட்கார்ந்திருந்தது. சக்கரம் என்று சொல்வதும் மரியாதைக்குத்தான், உயரம் ஐந்தரை, அகலம் ஐந்து, கோழிமுட்டையை நிமிர்த்தி வைத்த மாதிரி. ஆரங்களை எண்ணினேன், 22. தப்பாக எண்ணிவிட்டேனோ என்று பையனை எண்ணச் சொன்னேன், அவனுக்கும் 22. எதிர்வீட்டில் போய் வாங்கிப் பார்த்தேன், அதில் 24 சரியாக இருந்தது, ஆனால் சக்கரத்தின் தலை காவிக்குள் ஏறியிருந்தது. ரெண்டு கொடியிலும் ஓரம் மடித்துத் தைக்கவில்லை, வெட்டினது வெட்டினபடி, நாலு காற்றுக்கு மேல் தாங்காது.

நான் தினமும் பார்க்கும் வேலையைச் சொல்கிறேன், அப்போதுதான் எனக்கு ஏன் பொறுக்கவில்லை என்று புரியும். ஐரோப்பாவில் ஏதோ ஊரில் மூணு வயசுக் குழந்தை போடப்போகும் டி-ஷர்ட், நெஞ்சில் ஒரு கரடி பொம்மை. அந்தக் கரடி அரை சென்டிமீட்டர் இடப்பக்கம் தள்ளிப்போனால் பீஸ் ரிஜெக்ட். கரடியின் மூக்குக் கறுப்பு ஒப்புதல் ஆன சாம்பிளில் இருப்பதைவிடக் கொஞ்சம் வெளுத்திருந்தால் மொத்த லாட்டையும் நிறுத்தி வைப்பார்கள். கரடிக்கு அவ்வளவு. நம் கொடிக்கு மட்டும் கண்ணளவு போதும் என்று யார் சொன்னது?

கொடிக்கு அந்த மாதிரி ஸ்பெக் (அளவு, நிறம், இடம் எல்லாம் எழுதி வைக்கிற கணக்கு) கிடையாது, அதெல்லாம் உணர்ச்சி சம்பந்தப்பட்ட விஷயம் என்று நீங்கள் நினைத்தால், தயவுசெய்து 1947 ஜூலை 22-ம் தேதி அரசியல் நிர்ணய சபையில் நேரு கொண்டுவந்த தீர்மானத்தைப் படித்துப் பாருங்கள். உணர்ச்சி எல்லாம் பேச்சில் இருக்கிறது, தீர்மானத்தில் ஒரு சொட்டுக் கிடையாது. ஆழ்ந்த காவி, வெள்ளை, கரும்பச்சை, மூன்றும் படுக்கைவாட்டில், சம அளவில். வெள்ளைப் பட்டையின் நடுவில், ராட்டைக்கு அடையாளமாக, கருநீலத்தில் சக்கரம். அந்தச் சக்கரம் சாரநாத் சிங்கத் தூணின் பீடத்தில் இருக்கிற சக்கரத்தின் வடிவம். அதன் விட்டம் ஏறத்தாழ வெள்ளைப் பட்டையின் அகலம். கொடியின் அகலமும் நீளமும் சாதாரணமாக 2-க்கு 3. அவ்வளவுதான், முடிந்தது. எங்கள் தொழிலில் இதற்கு டெக் பேக் என்று பெயர். ஆர்டரைக் கவனிக்கிற ஒரு நல்ல மெர்ச்சன்டைசர் எழுதினால் இப்படித்தான் எழுதுவார், ஒரு வார்த்தை கூடுதலாக இருக்காது.

காவி இதைக் குறிக்கும், பச்சை அதைக் குறிக்கும், 24 ஆரமும் 24 நற்குணங்கள் என்று வருஷா வருஷம் ஆகஸ்ட் பிறந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றும். தீர்மானத்தில் அப்படி எதுவும் இல்லை, 24 என்ற எண்ணே அதில் இல்லை, சாரநாத் சக்கரத்தில் இருப்பது 24 என்பதால் கொடியிலும் 24. நிறங்களுக்குத் துறவு, வெளிச்சம், மண்ணோடு உள்ள உறவு என்றெல்லாம் அன்று சபையில் விளக்கம் சொன்னவர் ராதாகிருஷ்ணன், அழகான பேச்சுதான், ஆனால் அது பேச்சு. தீர்மானம் தந்தது அளவு. நாம் பேச்சை மனப்பாடம் செய்துகொண்டு அளவைத் தொலைத்துவிட்டோம்.

இந்தக் கொடி எப்படி வந்தது என்ற கதையை நீங்களும் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள், பிங்கலி வெங்கய்யா, பெஜவாடா (இன்றைய விஜயவாடா), 1921 என்று மூணு மார்க் கேள்வியாக. எனக்கு அந்தக் கதையில் பிடித்த இடம் பாடப்புத்தகத்தில் வராது. மசூலிப்பட்டினம் பக்கத்தில் பட்லபெனுமர்ரு என்ற கிராமத்துக்காரர் வெங்கய்யா, தென்னாப்பிரிக்காவில் போயர் போரில் சிப்பாயாக இருந்தவர், பருத்தி ஆராய்ச்சி செய்ததால் அவரைப் பத்தி வெங்கய்யா என்றே கூப்பிடுவார்களாம் (தெலுங்கில் பத்தி என்றால் பருத்தி, பாருங்கள், இதுவும் நம் துணி சமாச்சாரம்தான்). 1916-லேயே இந்தியாவுக்கு எப்படியெல்லாம் கொடி இருக்கலாம் என்று மாதிரிகள் போட்டு ஒரு சிறு புத்தகம் வெளியிட்டு, காங்கிரஸ் கூட்டம் கூட்டமாகப் போய் இதையே பேசிக்கொண்டிருந்தவர். பெஜவாடாவில் அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி கூடியபோது காந்தி அவரிடம் இந்துக்களுக்குச் சிவப்பும் முஸ்லிம்களுக்குப் பச்சையும், மேலே ராட்டை, இப்படி ஒன்று போட்டுத் தா என்று கேட்கிறார். ராட்டை யோசனை ஜலந்தர் லாலா ஹன்ஸ்ராஜுடையது. வெங்கய்யா மூணே மணி நேரத்தில் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். ஆனாலும் கமிட்டியில் வைக்க நேரம் தப்பிவிட்டது. தாமதமானது நல்லதாகப் போயிற்று என்று காந்தியே பிறகு தன் யங் இந்தியா பத்திரிகையில் எழுதினார், ஏனென்றால் நிதானமாக யோசித்தபோதுதான் மற்ற மதத்தவர்களுக்கும் இடம் வேண்டும் என்று தோன்றி வெள்ளையைச் சேர்த்தார்.

டெலிவரி லேட் ஆனதால் டிசைன் உருப்பட்டது என்று நான் கேள்விப்பட்ட ஒரே கதை இதுதான். எங்கள் ஊரில் லேட் ஆனால் ஏர் ஃப்ரெய்ட் செலவுதான் தலையில் விழும்.

அந்த 1921 கொடியைப் பார்த்தால் இன்று நமக்கு அடையாளமே தெரியாது. வெள்ளை மேலே, பச்சை நடுவில், சிவப்புக் கீழே, மூன்றுக்கும் குறுக்கே பெரிய ராட்டை. அதற்கும் முன்னால் 1906-ல் கல்கத்தாவில் ஏற்றினது ஒன்று, 1907-ல் பிகாஜி காமா அம்மையார் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் மாநாட்டில் விரித்தது ஒன்று, பிறகு அன்னி பெசன்டும் திலகரும் நடத்திய ஹோம் ரூல் இயக்கத்தின் கொடி. அதில் ஐந்து சிவப்புக் கோடு, நாலு பச்சைக் கோடு, ஏழு நட்சத்திரம், போதாததற்கு மூலையில் பிரிட்டிஷ் கொடி வேறு. அத்தனை பணிவாக மூலையில் அவர்கள் கொடியை வைத்தும் நம் கோயமுத்தூர் மாஜிஸ்திரேட் ஒருவர் அதற்குத் தடை போட்டார் என்பது தனிக் கூத்து.

வெங்கய்யா கொடுத்த சிவப்பும் பச்சையும் பத்து வருஷம் ஓடியது, மதத்துக்கு ஒரு நிறம் என்ற விளக்கத்தால் சண்டையும் ஓடியது. எங்களுக்கு ஏன் நிறம் இல்லை என்று சீக்கியர்கள் கேட்டார்கள், நியாயமான கேள்விதான். 1931-ல் கராச்சியில் ஏழு பேர் கமிட்டி போட்டார்கள், படேல், நேரு, ஆசாத், சீக்கியத் தலைவர் தாரா சிங் எல்லாம் அதில் இருந்தார்கள். அந்தக் கமிட்டி கடைசியில் என்ன சொன்னது தெரியுமா? முழுக்கக் காவி, ஒரே நிறம், மூலையில் ராட்டை. அதைக் காங்கிரஸ் கமிட்டி ஏற்கவில்லை. ஆகஸ்டில் பம்பாயில் கூடி, காவி, வெள்ளை, பச்சை, நடுவில் நீல ராட்டை என்று முடிவு செய்தார்கள், கூடவே நிறங்களுக்கு மத அர்த்தம் கிடையாது என்றும் எழுதி வைத்தார்கள்.

அங்கிருந்து என் ஊருக்கு ஐந்து மாதம்தான் தூரம். 1932 ஜனவரி 10, திருப்பூரில் ஊர்வலம், போலீஸ் தடியடி, மண்டை உடைந்து கொடியை விடாமல் கீழே விழுந்த குமரன் மறுநாள் இறந்துபோனார். வயசு 27. சென்னிமலை நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. தினமும் வேலைக்குப் போகும்போது குமரன் சாலையைத் தாண்டித்தான் போகிறேன், இருபது வருஷம் தாண்டியும் ஒரு நாளும் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை: காங்கிரஸ் அந்தக் கொடியை ஏற்று அப்போது ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. நமக்கு அது ஏதோ ஆதிகாலத்துக் கொடி மாதிரி. அவருக்கு அது புதுத்துணி.

சரி, ராட்டை எங்கே போயிற்று? இதுதான் செக்கிங் மேஜைக்காரனுக்கு ரொம்பப் பிடித்த இடம். 1947 ஜூன் மாதம் ராஜேந்திர பிரசாத் தலைமையில் ஒரு குழு போட்டார்கள், ஆசாத், சரோஜினி நாயுடு, ராஜாஜி, முன்ஷி, அம்பேத்கர் எல்லாம் இருந்த குழு. காங்கிரஸ் கட்சிக் கொடியையே கொஞ்சம் மாற்றி எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. ராட்டைக்குப் பதில் சக்கரம் ஏன் என்று நேரு சபையில் சொன்ன காரணங்களில் ஒன்று சுத்தமான தொழில் காரணம். கொடியின் ஒரு பக்கம் எப்படி இருக்கிறதோ மறுபக்கமும் அப்படியே இருக்க வேண்டும், ராட்டையில் ஒரு பக்கம் சக்கரம், இன்னொரு பக்கம் நூல் சுற்றும் கதிர், கொடியைத் திருப்பினால் இடம் வலமாகிவிடும். சக்கரத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் சக்கரம் சக்கரம்தான்.

துணியில் அச்சடிக்கும் எவனும் இதைப் படித்தால் கையெடுத்துக் கும்பிடுவான். இதைவிட அச்சுக்காரனுக்கு இரக்கம் காட்டிய டிசைன் இருக்க முடியாது. மூணு பட்டை, ஒரு வட்டம், நிறத்துக்கு ஒன்றாக மூணு அச்சு ஸ்கிரீன் போதும், வெள்ளை துணியிலேயே இருக்கிறது. மெல்லிய துணியாக இருந்தால் ஒரு பக்கம் அடித்தாலே மறுபக்கம் தெரிந்து ஒப்பேற்றிவிடலாம். இவ்வளவு சுலபமான ஒன்றையும் நாம் முட்டையாக்கி வைத்திருக்கிறோம்.

காந்திக்கு ராட்டை போனதில் வருத்தம். ராட்டை இல்லாத கொடிக்கு வணக்கம் செய்ய மாட்டேன் என்கிற அளவுக்கு எழுதினார், பிறகு அந்தச் சக்கரத்தையே ராட்டையின் சக்கரமாகப் பார்க்கலாம் என்று இறங்கிவந்தார். அன்று சபையில் நேரு காட்டியது ரெண்டு கொடி, ஒன்று கதர்ப் பட்டு, ஒன்று கதர்ப் பருத்தி. ராட்டைப் படம் போனாலும் ராட்டையில் நூற்ற துணி போகவில்லை என்பதுதான் அதன் ஏற்பாடு என்று நான் புரிந்துகொள்கிறேன்.

கொடியை வடிவமைத்தவர் யார் என்று இப்போது ஒரு சண்டை நடக்கிறது. வெங்கய்யா என்று ஒரு தரப்பு, 1947-ல் சக்கரம் வைத்து வரைந்ததில் சுரையா தயாப்ஜி, அவர் கணவர் பத்ருதீன் தயாப்ஜி பங்குதான் பெரியது என்று இன்னொரு தரப்பு. எங்கள் கம்பெனியில் ஒரு சாதாரண டி-ஷர்ட்டை எடுத்து இதை யார் செய்தது என்று கேட்டுப் பாருங்கள், டிசைனர், பேட்டர்ன் மாஸ்டர், பிரிண்டிங்காரர், கட்டிங் மாஸ்டர், கடைசியில் டீ வாங்கிக் கொடுத்த பையன் வரைக்கும் நான்தான் என்பார்கள், எல்லாரும் சொல்வது உண்மையாகவும் இருக்கும். வெங்கய்யா இல்லாமல் இந்தக் கொடி கிடையாது, வெங்கய்யா போட்டது இந்தக் கொடியும் கிடையாது. மனுஷர் 1963-ல் வறுமையில் செத்துப்போனார், 2009-ல் தபால்தலை போட்டோம். சண்டையை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

விஷயம், உங்கள் டெண்டர்.

ஹெல்மெட்டில், குக்கரில் எல்லாம் ஐஎஸ்ஐ முத்திரையும் ஒரு எண்ணும் பார்த்திருப்பீர்கள். அந்தத் தரநிலை வரிசையில் எண் 1 எதற்குத் தெரியுமா? தேசியக் கொடிக்கு. ஐஎஸ் 1. சிமெண்டுக்கும் கம்பிக்கும் முன்னால், சுதந்திரம் வாங்கின கையோடு இந்த நாடு அளவு எழுதி வைத்த முதல் சரக்கு கொடிதான். 1951-ல் எழுதி, பிறகு மெட்ரிக் அளவுக்கு மாற்றி, 1968-ல் மறுபடி திருத்தினார்கள். ஒன்பது சைஸ். பெரியது 6300-க்கு 4200 மில்லிமீட்டர், சின்னது மேஜையில் வைக்கும் 150-க்கு 100. ஒவ்வொரு சைஸுக்கும் சக்கரத்தின் விட்டம் தனியாகக் கொடுத்திருக்கிறார்கள், உதாரணத்துக்கு 900-க்கு 600 கொடியில் வெள்ளைப் பட்டை 200, சக்கரம் 185. அதாவது மேலேயும் கீழேயும் ஏழரை மில்லிமீட்டர் மூச்சுவிட இடம். நிறத்துக்கு எண் உண்டு, நூலுக்குக் கணக்கு உண்டு, கம்பில் கோக்கும் பட்டைக்குத் தனித் துணி உண்டு, வெயிலுக்குச் சாயம் எவ்வளவு தாங்க வேண்டும் என்று சோதனை உண்டு. கர்நாடகத்தில் ஹூப்ளி பக்கத்தில் பெங்கேரி என்ற இடத்தில் கதர் சங்கத்துப் பெண்கள் இந்தக் கணக்குப்படிதான் வருஷக்கணக்காகக் கொடி தைக்கிறார்கள், துணி பாகல்கோட் பக்கமிருந்து வருகிறது, சக்கரத்தை ரெண்டு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும்படி அச்சடிக்கிறார்கள். ரெண்டு பக்கமும் பொருத்தி அச்சடிப்பது என்றால் என்ன என்று ஒரு பிரிண்டிங் மாஸ்டரிடம் கேளுங்கள், பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார்.

2021 டிசம்பர் 30-ல் கொடி விதிகளில் ஒரு திருத்தம் வந்தது, மெஷினில் செய்ததும் பாலியெஸ்டரும் செல்லும் என்று. அடுத்த ஜூலையில் ராத்திரியும் பறக்கலாம் என்றார்கள். ஆகஸ்டில் வீட்டுக்கு வீடு கொடி வந்தது, தபால் நிலையத்தில் 20-க்கு 30 அங்குலம் 25 ரூபாய்க்கு விற்றது நினைவிருக்கும். பாலியெஸ்டர் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் இல்லை, என் வீட்டு அரிசியில் பாதி பாலியெஸ்டரில் வந்தது. எல்லார் வீட்டிலும் கொடி பறக்க வேண்டும் என்பதிலும் எனக்குச் சந்தோஷம்தான், 2002 வரைக்கும் சாதாரண மனுஷன் வருஷம் முழுக்கக் கொடி ஏற்ற முடியாது, தொழிலதிபர் நவீன் ஜிண்டால் கோர்ட்டுக்குப் போய், 2004-ல் உச்ச நீதிமன்றம் அது குடிமகனின் உரிமை என்று சொன்ன பிறகுதான் உறுதியானது. 20-க்கு 30 அந்த ஒன்பது சைஸில் இல்லை, பரவாயில்லை, 2-க்கு 3 சரியாக இருக்கிறது, நான் பாஸ் போட்டுவிடுவேன். திருத்தம் துணியை மட்டும்தான் மாற்றியது. வட்டத்தை முட்டையாக்கலாம், 24-ஐ 22 ஆக்கலாம் என்று எந்தத் திருத்தத்திலும் இல்லை.

இந்தக் கோளாறுகள் எங்கிருந்து வருகின்றன என்று எனக்குத் துணியைப் பார்த்தாலே தெரியும். ஆர்டர் ஜூலைக் கடைசியில் இறங்கும், பத்து நாளில் லட்சக்கணக்கில் வேண்டும். விலை அடிமாட்டு விலை. எடுத்தவர் இன்னொருவருக்குக் கொடுப்பார், அவர் இன்னொருவருக்கு, கடைசியில் ஏதோ ஒரு ஷெட்டில் டேபிள் பிரிண்ட். படம் கூகுளில் எடுத்தது, அதை வரைந்தவன் ஆரங்களை எண்ணவில்லை. மெல்லிய பாலியெஸ்டர் நிட் துணி இழுத்தால் நீளும், டேபிளில் இழுத்து ஒட்டி வட்டமாக அடித்து, எடுத்ததும் துணி தன் பழைய நிலைக்குச் சுருங்கும், வட்டம் முட்டையாகும். அப்புறம் நூறு அடுக்கு அடுக்கி மெஷினில் வெட்டுவார்கள், மேலடுக்குக்கும் கீழடுக்குக்கும் கொஞ்சம் நகர்ந்தால் காவி ஏழேகால், பச்சை ஆறேமுக்கால். அந்த ஷெட்டில் ராத்திரி பகலாக நின்று அடித்தவன்மேல் எனக்குக் கோபமே இல்லை. அவனிடம் யாரும் ஸ்பெக் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டியவர் நீங்கள்.

அதனால் கேட்கிறேன். டெண்டரில் "தேசியக் கொடி, பாலியெஸ்டர், 20-க்கு 30, இத்தனை லட்சம்" என்று ஒரு வரி எழுதி முடிக்காதீர்கள். பட்டை ஒன்று ஆறே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு, மூன்றும் சமம், சக்கரம் ஆறு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே, சரியான வட்டம், நட்ட நடுவில், 24 ஆரம், ரெண்டு பக்கமும் ஒரே அழுத்தமாகத் தெரிய வேண்டும், நாலு ஓரமும் மடித்துத் தைக்க வேண்டும், கூடினால் குறைந்தால் இவ்வளவுதான் பொறுப்போம் என்று எழுதுங்கள். ஒரு பக்கம்கூட ஆகாது. படத்தை நீங்களே வரைந்து கூடவே கொடுங்கள், கூகுள் பக்கம் யாரும் போக வேண்டாம். மே மாதமே ஆர்டர் போடுங்கள், ஆகஸ்ட் 15 எந்த வருஷமும் தள்ளிப்போனதில்லை. மொத்தமும் அடிப்பதற்கு முன்னால் ஒரு சாம்பிள் வாங்கிக் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு வந்ததும் நூற்றுக்கு அஞ்சு பீஸையாவது எடுத்து விரித்து அளக்கச் சொல்லுங்கள். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், இருபது ரூபாய் டேப் போதும்.

இன்னொன்று, ஆகஸ்ட் 16. அதைப் பற்றி உங்கள் ஃபைலில் எதுவும் இருக்காது என்று நினைக்கிறேன். கிழிந்த, நைந்த கொடியைப் பறக்கவிடக் கூடாது, தனிமையில், மரியாதையாக, முடிந்தால் எரித்து, முழுசாக அழிக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. கதருக்கு எழுதின விதி அது. அந்த 22 ஆரக் கொடி செப்டம்பரில் மழைக்கும் காற்றுக்கும் நாராகிவிட்டது, சரி, விதிப்படியே செய்வோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், பழைய மண்சட்டியில் மடித்து வைத்துப் பற்றவைத்தேன். பாலியெஸ்டர் கதர் மாதிரி எரியாது, உருகும். எனக்கே தெரியும், கம்பெனியில் துணி எது என்று பார்க்க நாங்கள் நூலைக் கொளுத்தித்தான் பார்ப்போம், ஆனால் கொடி அப்படி ஆவதைப் பார்க்க நான் தயாராக இல்லை. முதலில் சுருண்டது, காவி எது பச்சை எது என்று தெரியாமல் ஒன்றோடொன்று ஒட்டியது, கறுப்புக் கறுப்பாகச் சொட்டியது, அந்த நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டு அக்கா "என்ன தம்பி, ஒயர் எரியுதா?" என்று எட்டிப் பார்த்தார். என்ன பதில் சொல்வது? குப்பை எரிக்கிறேன் என்று வாயில் வந்துவிட்டது, அப்படியே முழுங்கினேன். ஆறின பிறகு சட்டியோடு ஒட்டிக் கல்லாகிவிட்டது, சுரண்டினாலும் வரவில்லை. அந்தச் சட்டி இப்பவும் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிறது, குப்பையில் போட மனசு வரவில்லை, வேறு என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

வீட்டுக்கு வீடு கொடுக்கத் தெரிந்த உங்களுக்குத் திரும்பி வாங்கத் தெரியாதா? ஆகஸ்ட் முடிந்ததும் ரேஷன் கடையிலோ பள்ளிக்கூடத்திலோ ஒரு பெட்டி வையுங்கள், நைந்த கொடியை மடித்துப் போடச் சொல்லுங்கள், நாங்கள் போடுவோம். பாலியெஸ்டரைத் திரும்ப நூலாக்கும் தொழில் இங்கே நடக்கிறது, பிளாஸ்டிக் பாட்டிலில் டி-ஷர்ட் போடும் காலத்தில் கொடியைச் சாக்கடையில் விடுவானேன்? முடிந்தால் பள்ளிக்கூடங்களுக்கும் பஞ்சாயத்து ஆபீஸ்களுக்குமாவது கதர்க்கொடி வாங்கிக் கொடுங்கள், விலை கூட, ஆனால் ஒவ்வொரு இடத்துக்கும் ஒன்றுதானே.

சென்னைக்குப் போனால் ஒருமுறை கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பாருங்கள். 1947 ஆகஸ்ட் 15 காலையில் கோட்டையில் ஏற்றிய பட்டுக்கொடி அங்கே மங்கின வெளிச்சத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. 12 அடிக்கு 8 அடி. கண்ணாடிக்கு மேலேயே டேப்பைப் பிடிக்கக் கை போனது, காவலுக்கு நின்றவர் முறைத்ததும் பையில் வைத்துக்கொண்டேன். 12-க்கு 8, கணக்குச் சரிதானே, 3-க்கு 2.

அடுத்த வருஷத்துக்கு ஆர்டர் போடும்போது சாம்பிள் பார்க்க ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள். சம்பளம் வேண்டாம், பஸ் காசும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் வீட்டில் சும்மாத்தான் இருப்பேன். பையனையும் கூட்டி வருகிறேன், ஆரம் எண்ணுவதில் அவன் இப்போது என்னைவிட வேகம்.

இப்படிக்கு,
திருப்பூரில் செக்கிங் பார்க்கும் ஒருவன்